கார்டன் லைட்ஃபுட்டுக்காக டெட்ராய்ட் தேவாலயம் ஏன் 30 முறை மணி அடித்தது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "2023 மே மாதம் கார்டன் லைட்ஃபுட் என்ற கனடா பாடகர் இறந்தபோது, அமெரிக்காவில் ஒரு தேவாலயம் 30 முறை மணி அடித்தது என்று படித்தேன். யார் இவர்? அது என்ன 30 கணக்கு? கிடாரோடு பாடிய ஒருவருக்கு ஏன் இவ்வளவு துக்கம்?"

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்த 30இல் 29 அவருக்கானதே இல்லை. 1975 நவம்பர் 10 இரவு, அமெரிக்க-கனடா எல்லையில் இருக்கும் சுப்பீரியர் ஏரியில் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பலில் இருந்த 29 பேருக்கானது. கடைசி ஒன்றுதான் லைட்ஃபுட்டுக்கு. டெட்ராய்டில் மாலுமிகளுக்கென்றே 1842இல் தொடங்கிய மரினர்ஸ் சர்ச், அவர் இறந்த மறுநாள், அதாவது மே 2ஆம் தேதி, இப்படி மணி அடித்து அவரையும் அந்தக் கப்பல்காரர்களின் வரிசையில் சேர்த்துக்கொண்டது.

பெரிய பெரிய விருதெல்லாம் அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் இந்த ஒற்றை மணியை விடப் பெரிய மரியாதை எதுவும் கிடைக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். முன்பின் தெரியாத 29 பேரின் சாவைப் பாட்டாக எழுதியவர் அவர். எழுதி, விற்று, பணம் பார்த்ததோடு போய்விடாமல், அடுத்த 47 வருஷமும் அந்தக் குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் என்கிற மாதிரியே நடந்துகொண்டார். ரசிகர்களின் துக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிய வேண்டுமானால் இங்கேதான் தொடங்க வேண்டும், அதனால் கப்பலிலிருந்தே சொல்கிறேன்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் சின்னக் கப்பல் இல்லை. 729 அடி நீளம். 1958இல் நீரில் இறக்கப்பட்டபோது, சுப்பீரியரும் சேர்ந்த கிரேட் லேக்ஸ் என்ற அந்தப் பெரிய ஏரிகளில் ஓடிய கப்பல்களிலேயே அதுதான் பெரியது. விஸ்கான்சின் மாநிலத்தின் சுப்பீரியர் துறைமுகத்தில் 26,000 டன்னுக்கு மேல் இரும்புத்தாது உருண்டைகளை ஏற்றிக்கொண்டு டெட்ராய்ட் பக்கத்தில் இருக்கும் ஒரு எஃகு ஆலைக்குக் கிளம்பியது. நவம்பர் மாதம் அந்த ஏரிகளில் புயல் மாதம், அது அங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். பின்னால் ஆர்தர் எம். ஆண்டர்சன் என்ற இன்னொரு கப்பல் வந்துகொண்டிருந்தது. ஃபிட்ஸ்ஜெரால்டின் ரேடார் போய்விட்டதால் ஆண்டர்சன்தான் வழி சொல்லிக்கொண்டு வந்தது. இரவு 7 மணி 10 நிமிஷம் வாக்கில், நிலைமை எப்படி என்று அவர்கள் ரேடியோவில் கேட்டதற்கு, சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்று கேப்டன் மெக்சார்லி சொன்னார். அதுதான் கடைசிப் பேச்சு. கொஞ்ச நேரத்தில் ஆண்டர்சனின் ரேடார் திரையில் அந்தப் புள்ளியைக் காணவில்லை. ஒயிட்ஃபிஷ் வளைகுடாவுக்குள் நுழைந்திருந்தால் பிழைத்திருப்பார்கள், அதற்கு இன்னும் 17 மைல்தான் இருந்தது. கப்பல் 530 அடி ஆழத்தில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு உடல்கூட மீட்கப்படவில்லை.

செய்தி டெட்ராய்டுக்கு வந்ததும் மரினர்ஸ் சர்ச் பாதிரியார் ரிச்சர்ட் இங்கால்ஸ் தேவாலயத்துக்குப் போய் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 29 முறை மணி அடித்தார். இது செய்தியாக வந்தது, பிறகு பாட்டிலும் வந்தது.

அந்தப் பாட்டின் பெயர் 'தி ரெக் ஆஃப் தி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்'. லைட்ஃபுட் இதை எழுதியது எப்படி என்றால், நியூஸ்வீக் பத்திரிகையில் இந்த விபத்தைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை வந்தது, அதில் கப்பலின் பெயரையே எழுத்துப்பிழையோடு போட்டிருந்தார்கள். 29 பேர் செத்திருக்கிறார்கள், கப்பல் பெயரைக்கூடச் சரியாகப் போடவில்லையே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. சின்ன வயதில் கேட்ட ஒரு பழைய ஐரிஷ் சோக மெட்டு ஏற்கெனவே மண்டையில் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன. விபத்து நடந்த அடுத்த மாதமே, 1975 டிசம்பரில், டொராண்டோவின் ஈஸ்டர்ன் சவுண்ட் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு. இசைக்குழு அந்தப் பாட்டை முழுசாக ஒத்திகை பார்க்கவே இல்லை. நான் எப்போது தட்ட ஆரம்பிக்கட்டும் என்று டிரம்ஸ் வாசித்த பேரி கீன் கேட்டதற்கு, தலையை ஆட்டுகிறேன், அப்போது வா என்றாராம். முதல் தடவை வாசித்ததுதான் இன்றுவரை நாம் கேட்கும் பதிவு. டிரம்ஸ் எவ்வளவு நேரம் வராமலே இருக்கிறது, வந்ததும் பாட்டு எப்படிக் கனத்துப் போகிறது என்று கவனித்துக் கேளுங்கள், அந்தத் தலையசைப்பு தெரியும்.

ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும் பாட்டு. பல்லவி என்று ஒன்றே கிடையாது, அடிமேல் அடியாகக் கதை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கனடாவில் முதல் இடத்துக்கும் அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுத் தரவரிசையில் இரண்டாம் இடத்துக்கும் 1976இல் அது எப்படி ஏறியது என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மரினர்ஸ் சர்ச்சைப் பற்றிய வரியில் அதைப் பூஞ்சை வாசம் அடிக்கும் பழைய கூடம் என்ற மாதிரி எழுதியிருந்தார். அந்தத் தேவாலயத்துக்கு வருகிற ஒருவர், எங்கள் இடம் அப்படியெல்லாம் இல்லையே என்று சொல்ல, மேடையில் பாடும்போது அந்தச் சொல்லை மாற்றிவிட்டார். இது சின்ன விஷயம். இன்னொன்று அப்படி இல்லை. கப்பலின் சரக்கறை மூடி உள்பக்கமாக இடிந்து விழுந்ததாகப் பாட்டில் ஒரு வரி உண்டு. 1977இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை கொடுத்த அறிக்கையும் மூடிகள் வழியாகத் தண்ணீர் புகுந்ததைத்தான் காரணமாகச் சொன்னது. ஆனால் மூடிகளைச் சரியாக இறுக்கவில்லை என்றால் பழி யார் மேல் விழும்? அந்த வேலையைப் பார்த்த டெக் ஆட்கள் மேல். அப்படிப்பட்ட இருவரில் ஒருவரின் தாயும் இன்னொருவரின் மகளும் அந்த வரி வரும்போதெல்லாம் கூனிக் குறுகிப் போவார்கள் என்பது லைட்ஃபுட்டுக்குத் தெரியும். 2010இல் வந்த ஒரு ஆவணப்படம், ஆட்களின் தவறு இல்லை, ராட்சத அலைதான் காரணமாக இருக்கும் என்று வாதிட்டதும், அவர் அந்த வரியை எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, ஏழு மணிக்கு இருட்டியது என்று சாதாரணமாகப் போகிற ஒரு வரி. கப்பல் ஏன் மூழ்கியது என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை, ஆழம் குறைந்த பாறைத் திட்டில் அடிபட்டது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். விடை தெரியாத இடத்தில், இறந்தவர்களுக்கு ஆதரவாக நிற்பது என்று முடிவெடுத்தார் அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள், உலகம் முழுக்க மனப்பாடமாகிவிட்ட ஒரு பாட்டு, 34 வருஷம் பாடிய ஒரு வரி, அதை இரண்டு பெண்களுக்காக மாற்றுகிறார். எத்தனை பேர் செய்வார்கள்? விபத்தின் நினைவு நாள்களில் அந்தக் குடும்பங்களோடு போய் உட்கார்ந்திருக்கிறார். மிச்சிகனில் கப்பல் மாலுமிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரியில் உதவித்தொகை ஏற்படுத்தினார்.

இந்தக் குணம் ஒரு பாட்டோடு நிற்கவில்லை. 1970இல் வந்த 'இஃப் யூ குட் ரீட் மை மைண்ட்' அவருடைய முதல் கல்யாணம் உடைந்துகொண்டிருந்தபோது எழுதியது. அதில் ஒரு இடத்தில் உன்னிடம் அந்த உணர்வு இல்லை என்று மனைவியைக் குறை சொல்கிற மாதிரி வரும். பின்னாளில் மகள், அது அம்மா மட்டும் செய்ததா அப்பா என்கிற பொருளில் கேட்க, அன்றிலிருந்து 'நம்மிடம்' என்று மாற்றிப் பாடினார். 'ஃபார் லவின் மீ' என்று ஒரு ஆரம்ப காலப் பாட்டு, 'பீட்டர், பால் அண்ட் மேரி' என்ற மூவர் குழு பாடி ஊரெல்லாம் பரவியது. பெண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிற ஆணின் திமிர்ப் பாட்டு அது. கட்டிய மனைவி வீட்டில் இருக்கும்போது இதை எழுதியிருக்கிறேனே என்று பிற்பாடு அவரே வெட்கப்பட்டு, மேடையில் பாடுவதையே விட்டுவிட்டார்.

சரி, யார் இவர் என்பதற்கு வருகிறேன். கார்டன் லைட்ஃபுட், பிறந்தது 1938 நவம்பர் 17, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டொராண்டோவுக்கு வடக்கே இருக்கும் ஒரிலியா என்ற சிறு நகரம். அப்பா சலவை நிலையம் நடத்தினார். பையனுக்கு நல்ல குரல் என்று அம்மாவுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. செயின்ட் பால்ஸ் யுனைடெட் சர்ச்சின் பாடகர் குழுவில் சேர்ந்தான், 12 வயதில் போட்டியில் ஜெயித்து டொராண்டோவின் மேஸி ஹாலில் முதன்முதலாகப் பாடினான். இந்த இரண்டு இடங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். 1958இல் அமெரிக்கா போய் ஹாலிவுட்டில் இசை படித்தார், ஊர் ஞாபகம் வந்து திரும்பிவிட்டார். அந்தக் காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் நின்று விமானங்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நினைவுதான், சில வருஷம் கழித்து டொராண்டோவில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தபோது 'எர்லி மார்னிங் ரெயின்' ஆனது. கையில் காசில்லாத, குடித்திருக்கிற ஒருவன், மழையில் ஓடுபாதை ஓரம் நின்று, தன்னால் ஏற முடியாத விமானத்தைப் பார்க்கிறான். எல்விஸ் பிரெஸ்லி பாடினார், பாப் டிலன் பாடினார், இன்னும் யார் யாரோ பாடினார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாம் பாடகர் என்றால் பாடுகிறவர், மெட்டுப் போடுகிறவர் வேறு, வரி எழுதுகிறவர் வேறு என்றே பழகியிருக்கிறோம், சினிமாதான் காரணம். ஃபோக் என்றதும் கிராமத்து நாட்டுப்புறப் பாட்டு ஞாபகம் வரும். இவர்கள் அந்த வகையிலும் சேர மாட்டார்கள். 1960களில் டொராண்டோவின் யார்க்வில் பகுதிக் காபிக்கடைகளில் ஒரு கிடாரோடு ஏறி, தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடியவர்கள். பாட்டில் இருப்பது அவர் வாழ்க்கை என்று கேட்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள், சரியோ தப்போ. அதனால் அப்படி ஒருவர் போகும்போது குரல் போய்விட்டது என்று மட்டும் தோன்றாது, ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்த ஆள் போய்விட்டார் என்றே தோன்றும்.

கனடாக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் கனடாவில் கொஞ்சம் நன்றாகப் பாடினாலே நியூயார்க்குக்கோ கலிஃபோர்னியாவுக்கோ மூட்டை கட்டிவிடுவார்கள். ஜோனி மிட்செலும் நீல் யங்கும் போனார்கள். இவர் டொராண்டோவிலேயே இருந்தார். நாட்டின் நூற்றாண்டுக்காக கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி கேட்டு, 1967 ஜனவரி 1 அன்று ஒளிபரப்பான நிகழ்ச்சிக்கு ரயில் பாதை போட்ட கதையை மூன்று பகுதிகளாக எழுதிக்கொடுத்தார், வேகம் கூடி, குறைந்து, மறுபடி கூடுகிற பாட்டு. ரயில் முதலாளிகளின் கனவும் இருக்கும், மண்வெட்டி பிடித்துச் செத்தவர்களும் இருப்பார்கள். ஆனால் பாட்டு தொடங்கும்போது அந்த நிலம் ஏதோ ஆளே இல்லாத காடு மாதிரி இருக்கிறது, அங்கே ஆயிரக்கணக்கான வருஷமாக இருந்த பூர்வகுடிகள் ஓரமாகத்தான் வருகிறார்கள், மலைகளைக் குடைந்த சீனத் தொழிலாளர்கள் பெயர் சொல்லி வரவே இல்லை. அவரை நேசிக்கிறவர்கள் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள், தயங்கத் தேவையில்லை. நான் இன்றும் அந்தப் பாட்டை விரும்பித்தான் கேட்கிறேன்.

டெட்ராய்டுக்கும் அவருக்கும் உறவு கப்பலால் மட்டும் வந்ததில்லை. 1967 ஜூலையில் அந்த நகரத்தில் பெரும் கலவரம், 43 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷமே அதைப் பற்றிய அவருடைய 'பிளாக் டே இன் ஜூலை' வெளிவந்தது. 30 மாநிலங்களில் ரேடியோ நிலையங்கள் அதைப் போட மறுத்தன. ஒரு கனடாக்காரனுக்கு எங்கள் ஊர் விவகாரம் எதற்கு என்ற எரிச்சல் அப்போது நிறையப் பேருக்கு இருந்தது. அதே நகரம் 55 வருஷம் கழித்து அவருக்கு மணி அடித்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அவர் ஒன்றும் புனிதர் இல்லை. 1982 வரைக்கும் குடி, அதில் கல்யாணங்கள் போயின, அமெரிக்காவில் முதல் இடம் பிடித்த 'சன்டவுன்' (1974) பொறாமையில் வெந்துகொண்டு எழுதிய பாட்டு. கேட்டால் ஜாலியாகத்தான் இருக்கும். வரிகளைப் படித்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

இப்போது சாவுக்கு வருவோம். ரசிகர்கள் அவருக்காக ஒரு தடவை இல்லை, மூன்று தடவை அழுதிருக்கிறார்கள். 2002 செப்டம்பரில் சொந்த ஊர் ஒரிலியாவில் கச்சேரிக்கு முன்னால் வயிற்றுப் பெருநாடி வெடித்து விழுந்தார். ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போனார்கள், ஆறு வாரம் போல நினைவே இல்லை. பிழைக்க மாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த வருஷம் கனடாவின் மற்ற பாடகர்கள் சேர்ந்து அவர் பாட்டுகளை ஒரு அஞ்சலி இசைத்தட்டாகவே பாடி வெளியிட்டார்கள். அவரோ முன்பே பாடி வைத்திருந்த மாதிரிப் பதிவுகளின் மேல் இசைக்குழுவை வாசிக்கச் சொல்லி, 2004இல் 'ஹார்மனி' என்ற புது ஆல்பத்தோடு வந்து நின்றார். 2006இல் ஒரு சின்ன பக்கவாதம், வலது கையில் இரண்டு விரல் சொன்னபடி கேட்கவில்லை. கிடாரில் விரலால் மீட்டிப் பாடுகிறவருக்கு அது எப்படிப்பட்ட அடி என்று வாசிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். பயிற்சி செய்து செய்து விரல்களைத் திரும்ப வரவழைத்தார்.

இரண்டாவது தடவை வேடிக்கையானது. 2010 பிப்ரவரியில் யாரோ கிளப்பிவிட்ட புரளி ட்விட்டரில் தீயாகப் பரவி, செய்தி நிறுவனங்களும் சரிபார்க்காமல் லைட்ஃபுட் காலமானார் என்று போட்டுவிட்டன. அவர் அப்போது பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு காரில் திரும்பிக்கொண்டிருந்தார். கார் ரேடியோவில் தன் சாவுச் செய்தியைத் தானே கேட்டார். அப்புறம் ரேடியோ நிலையத்துக்குத் தானே போன் பேசி, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னார். அந்தச் சில மணி நேரத்தில் எழுதப்பட்ட இரங்கல்களில் எதையாவது அவர் உட்கார்ந்து படித்திருப்பாரா என்று எனக்கு எப்போதும் ஒரு ஆசை.

அந்தக் கடைசி இருபது வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குரல் போய்விட்டது. 1970களின் அந்தக் கனத்த, வழவழப்பான குரலைத் தட்டில் கேட்டுவிட்டு நேரில் போனவர்களுக்கு, ஒல்லியாகக் காற்றுப் போல வரும் சத்தம் அதிர்ச்சியாக இருந்திருக்கும். சில விமர்சகர்கள் இனி நிறுத்திக்கொள்ளலாமே என்றுகூட எழுதினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கூட்டம் குறையவே இல்லையே. குரலுக்காக யாரும் போகவில்லை, அந்த ஆள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார் என்பதற்காகப் போனார்கள், அவரால் எட்ட முடியாத சுரத்தைக் கேட்கிறவர்கள் மனசுக்குள் நிரப்பிக்கொண்டார்கள். மேஸி ஹாலில் மட்டும் 165 முறைக்கு மேல் பாடியிருக்கிறார், வேறு யாரும் கிட்டே வர முடியாத எண்ணிக்கை. 2018இல் அந்த அரங்கத்தைப் புதுப்பிக்க மூடியபோது கடைசிக் கச்சேரி அவருடையது. 2021 நவம்பரில் திறந்தபோது முதல் கச்சேரியும் அவருடையது, அப்போது அவருக்கு வயது 83. 2023 ஏப்ரலில் உடல்நிலை காரணமாக அந்த ஆண்டுக் கச்சேரிகள் எல்லாம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. மே 1ஆம் தேதி டொராண்டோ மருத்துவமனையில் காலமானார், வயது 84. இந்த முறை செய்தி உண்மை.

மறுநாள் மணி அடித்ததைத்தான் சொன்னேனே. அதே வாரம் மினசோட்டாவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கத்தை அவருக்காக ஏற்றினார்கள். அந்த விளக்கு வேலையில் இல்லாமல் பல காலம் ஆகிறது, வருஷா வருஷம் நவம்பர் 10 அன்று ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆட்களின் பெயர்களை வாசித்துவிட்டு ஏற்றுவார்கள். மே மாதத்தில் ஏற்றியது இவருக்காக.

மே 7, ஞாயிற்றுக்கிழமை, ஒரிலியாவில் பொது அஞ்சலி. சின்னப் பையனாகப் பாடிய அதே செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் அவர் பெட்டியை வைத்தார்கள். டொராண்டோவில் ஏதாவது பெரிய அரங்கத்தில் வைத்திருக்கலாம், பிரதமர் வந்திருப்பார், டிவியில் நேரலை ஓடியிருக்கும். குடும்பம் அதைச் செய்யவில்லை. 30,000 பேர் சொச்சம் இருக்கும் ஊரில் அன்றைக்கு 2,400க்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் குடும்பத்தார் மட்டும் சேர்ந்து, அவருடைய அப்பா அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அவ்வளவுதான், வேறு ஆடம்பரம் இல்லை. ஒரு வருஷம் கழித்து, 2024 மே 23 அன்று மேஸி ஹாலில் நடந்த அஞ்சலிக் கச்சேரியில் கனடாப் பாடகர்கள் பலர் பாடினார்கள், பாடகியான அவர் மகளும் பாடினார்.

ரசிகர்கள் நினைவுகூரும் விதமும் இந்த மாதிரிதான், சத்தம் போடாதது. இறந்த செய்தி வந்ததும் பலர் செய்தது, கிடாரை எடுத்துத் தனக்குப் பிடித்த ஒன்றைப் பாடியது. அவர் பாட்டுகளில் முக்கால்வாசி வீட்டில் உட்கார்ந்து வாசிக்கக்கூடியவை, அதனால் முடிந்தது. அவருடைய இசைக்குழுவும் கலையவில்லை. 1968இலிருந்து அவரோடு பாஸ் வாசித்த ரிக் ஹேன்ஸும், அந்தத் தலையசைப்புக்குக் காத்திருந்த பேரி கீனும், 'லைட்ஃபுட் பேண்ட்' என்ற பெயரில் அவர் பாட்டுகளைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அவர் இல்லாமல் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. அரை நூற்றாண்டு ஒருவரோடு வாசித்தவர்களிடம் போய் வீட்டில் சும்மா உட்காருங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

இடையில் விட்டுப்போன ஒன்று. அந்தக் கப்பல் பாட்டின் மெட்டு அவரை விட்டும் ஒரு பயணம் போயிருக்கிறது. வட அயர்லாந்துச் சிறையில் இருந்த பாபி சாண்ட்ஸ், 1981 உண்ணாவிரதத்தில் செத்தவர், அதே மெட்டில் நாடு கடத்தப்பட்ட ஐரிஷ் கைதிகளைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். பின்னர் கிறிஸ்டி மூர் என்ற ஐரிஷ் பாடகர் அதைப் பாட, அயர்லாந்தில் நிறையப் பேருக்கு மெட்டு அந்தப் பாட்டாகத்தான் தெரியும். ஐரிஷ் மெட்டு என்று நினைத்து லைட்ஃபுட் எடுத்தது, கனடா வழியாகச் சுற்றிவிட்டு ஐரிஷ்காரர்களிடமே வேறொரு துக்கப் பாட்டாகப் போய்ச் சேர்ந்தது.

கடைசியாக, எங்கிருந்து கேட்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1975இல் வந்த 'கார்ட்ஸ் கோல்ட்' என்ற தொகுப்பில் பழைய பாட்டுகளை அவரே புதிதாகப் பாடிப் பதிவு செய்திருப்பார், பழைய பதிவுகள் அவருக்குத் திருப்தியாக இல்லை என்பதால். முதல் அறிமுகத்துக்கு வசதி. ஆனால் 'எர்லி மார்னிங் ரெயின்' மட்டும் 1966இன் முதல் ஆல்பத்தில் கேளுங்கள், அதில் இருக்கும் இளமையான அவசரம் பின்னாளைய பதிவில் இல்லை. கப்பல் பாட்டை முதலில் 1976 பதிவில் கேட்டுவிட்டு, பிறகு 2010க்கு அப்புறம் மேடையில் பாடிய ஏதாவது ஒரு காணொளியைத் தேடிப் பாருங்கள். குரல் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். சரக்கறை மூடி வரி வர வேண்டிய இடத்தில் என்ன பாடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.